கடலை மெஷினின் பின்னங்கால்

தினா, போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங்கில் இருக்கிறாய், இல்லையென்றால் மீட்டிங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறாய். "அப்புறம் பேசறேம்மா" என்கிறாய். உன்னுடைய அந்த அப்புறம் வருவதற்குள் லாரி வந்து வாசலில் நின்றுவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. உன் ஆபீஸில் தமிழ் தெரிந்தவர்கள் யார் இருந்தாலும் படிக்கட்டும், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. நிவேதா புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேச வரும், படிக்க வராது என்றாயே, அவளுக்கு நீயே வாய்விட்டுப் படித்துக் காட்டு. எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நடுவில் விட்டுவிட்டுப் படிக்காதே. எனக்கு ஒரு குழப்பம். சின்னக் குழப்பம் இல்லை, மண்டை காய்கிற குழப்பம். எழுதினால் தெளியும் என்று நினைக்கிறேன், தெளியாமலும் போகலாம்.

போன மாதம் நீ அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்றதும் நான் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கேசரி கிளறி, நாற்காலிக்கெல்லாம் புதுத் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே வந்தாள், காலைத் தொட்டுக் கும்பிட்டாள், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள், "ஆன்ட்டி, மெஷின் எங்க இருக்கு?" என்று கேட்டாள். கேசரி ஆறிப்போய்விட்டது. பின்பக்கக் கொட்டகைக்குப் போய், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோழி எச்சத்தைக்கூடப் பார்க்காமல் மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாளே, அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும். ஆனால் அவள் மாமியாரைப் பார்க்க வந்தாளா, மெஷினைப் பார்க்க வந்தாளா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. இரண்டு பேரும் டார்ச் அடித்துக்கொண்டு, ஒருவர் மெஷின் மேலே ஏற ஒருவர் அடியில் போக, நீங்கள் பேசிய இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த வார்த்தை 'ஒரிஜினல்' ஒன்றுதான். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

பிறகு அவள் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். மெஷின் பிறந்தபோதே அதோடு இருந்த பாகத்துக்கு வட்டம், பிற்பாடு யாரோ சேர்த்த பாகத்துக்குக் குறுக்குக்கோடு, லாரியோடு வருகிற ஆட்கள் குறுக்கு போட்டதையெல்லாம் இங்கேயே கழற்றிவிட்டு வட்டம் போட்டதை மட்டும் புனேயில் பழைய மெஷின்களைப் பிறந்தபோது இருந்தபடி ஆக்கிக் காட்சிக்கு வைக்கிற உங்கள் இடத்துக்கு ஏற்றுவார்கள் என்று நீ எனக்கு விளக்கிச் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். "எடுத்துக்கினு போ நைனா, கோழி முட்டை வெக்கத்தான் கீது" என்று நானேதான் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பார்வதி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தபோது, "மருமவ வந்து நம்ம ஊட்ல போட்ட மொத கோலம், பாத்துக்கோடி" என்று கிண்டல்கூடப் பண்ணினேன். நிவேதாவும் சிரித்தாள். நல்ல சிரிப்பு அவளுக்கு.

நீங்கள் போன பிறகு தனியாகப் போய் நின்று பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. வட்டத்தைவிடக் குறுக்கு அதிகமாக இருந்தது. உனக்கு ஒன்று சொல்கிறேன், நீ யோசித்திருக்க மாட்டாய். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உன் அம்மா என்ன வேலை பார்க்கிறாள்? டேபிளில் வந்து விழுகிற பீஸை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, நல்லதைத் தட்டில் அடுக்கி, கெட்டதில் சாக்பீஸால் குறுக்கே இழுத்துச் சிவப்புத் தொட்டியில் போடுகிற வேலை. அந்தத் தொட்டி நிறைந்ததும் அது காயலான் கடைக்குப் போகும். நீ டிப்ளமோ படித்ததும் இன்ஜினியர் ஆனதும் அந்தக் குறுக்குக்கோட்டில்தான். குறுக்கு என்றால் என் கண்ணுக்கு ஒரே அர்த்தம்தான். அது உங்க அப்பாவின் வேலை மேல் ஒவ்வொரு இடத்திலும் இருந்தது. நீ அந்த அர்த்தத்தில் போடவில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரியவில்லை, என்ன செய்ய?

மெஷினின் கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நிவேதாவுக்காகச் சொல்கிறேன். பெரிய வீட்டில் பழைய கொட்டகையை இடித்தபோது ஒரு மூலையில் இது கிடந்தது. உங்க அப்பா வழியில் எல்லோருக்கும் தலைமுறையாக அந்த வீட்டு நிலத்தில்தான் கூலி வேலை. அப்பாதான் முதல் முதலாகக் காக்களூருக்கு வெல்டிங் வேலைக்குப் போன ஆள். இடிக்கிற இடத்தில் வேடிக்கை பார்க்கப் போனவர், மூன்று சக்கர வண்டியில் இதைப் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் வாசலில் நின்று கத்தினேன். "இன்னாய்யா இது பேஜாரு? ஊட்ல நிக்கவே எடம் இல்ல." அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னான்னு எனக்கும் தெரியல. நல்ல இரும்பு" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஒரு பெரிய சக்கரம், கைப்பிடி, வட்டமான தகரக் கூட்டுக்குள் ஒரு ஃபேன், மேலே ஒரு வாய், வார்ப்பிரும்பில் நான்கு கால். கைப்பிடியைச் சுற்றினால் காற்று வந்தது. எதற்குக் காற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவர் அதற்குள்ளேயே கிடந்தார். வாய்க்கு அடியில் ஒரு டிரம் செய்தார், கம்பிகளை வரிசையாக வைத்து அரைவட்டமாக ஒரு சல்லடை செய்தார், மோட்டாருக்குப் பலகை போட்டார். மேலே கடலையைக் கொட்டினால் டிரம்மும் சல்லடையும் தோலை உடைக்கும், கீழே விழும்போது அந்தப் பழைய ஃபேன் தோலை ஊதித் தள்ளும், பருப்பு மட்டும் சாக்கில் விழும். அன்றிலிருந்து அது கடலை மெஷின். விதை போடுகிற சமயத்தில் ஊத்துக்கோட்டை ரோட்டில் இருக்கிற பாதிப் பேர் மூட்டையோடு நம் வீட்டுக்குப் பின்னால்தான் நின்றார்கள். காதில் விழுகிற சத்தமும் துணியில் படிகிற தூசும் தாங்காமல் நான் திட்டாத திட்டு இல்லை. அவர் காலமான பிறகு பெல்ட்டைக் கழற்றி மாட்டிவைத்தேன். அதற்கப்புறம் கோழிதான் குடியிருந்தது.

இப்போது நீ வந்து, இது கடலை மெஷினே இல்லை, நெல் தூற்றுகிற மெஷின் என்கிறாய். களத்தில் காற்று இல்லாத நாளில் பதரை ஊதித் தள்ளுவதற்காக அந்தக் காலத்திலேயே கப்பலில் வந்ததாம், இந்த மாதிரி இந்தியாவிலேயே ரொம்பக் குறைவாம், ஃபேன் கூட்டில் தேய்ந்துபோன நான்கு எழுத்து இருக்கிறதாம், அதை வைத்து எந்தக் கம்பெனி என்று தேடுகிறீர்களாம். பார்வதியின் மாமனார் அது அரிசி புடைக்கிற மெஷின் என்கிறார். பெரிய வீட்டுப் பேரன் கார் நிறுத்தி இறங்கி வந்து பார்த்துவிட்டு, அவன் தாத்தா தேயிலைத் தோட்டத்து ஏலத்தில் எடுத்ததாகக் கேள்வி என்கிறான். தேயிலைக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம்? ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் அதன் எதிரில் நின்றுகொண்டு, நீ யாரு, உன் பேரு இன்னா என்று கேட்காத குறைதான். நான் துடைத்தது, திட்டியது, எண்ணெய் விட்டது எல்லாம் கடலை மெஷினை. அதற்குள்ளே வேறு ஒரு மெஷின் இருக்கிறது, அதுதான் நிஜம், கடலை மெஷின் மேலே ஒட்டிய அழுக்கு என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

சிவப்பு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் அதற்கு வர வேண்டியிருக்கிறது. பின்பக்கம் இடது காலில், உள்பக்கமாக, கிரீசுக்கு அடியில் நிவேதா ஒரு சிவப்பைக் கண்டுபிடித்தாள். கெட்டியாக, பக்குப் பக்காக இருந்தது. கத்தியால் மெதுவாகச் சுரண்டி ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி, மேலே பேர் எழுதி எடுத்துக்கொண்டாள். "ஒரிஜினல் பெயின்ட் செவப்பா இருந்துருக்கும்மா, மத்த எடத்துல எல்லாம் உதிர்ந்துடுச்சு, இங்க மட்டும் தப்பிச்சிருக்கு. டெஸ்ட் பண்ணிட்டு முழு மெஷினையும் இதே செவப்புல அடிக்கப் போறோம்" என்று நீ குதித்தாய். எனக்கும் சந்தோஷம்தான். வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம், எங்கள் வீட்டு மெஷின் ஒரு காலத்தில் செக்கச்செவேல் என்று இருந்ததாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த வாரம் பெய்த மழை உனக்குத் தெரியும், நீயே டிவியில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாய். கொட்டகைத் தகரம் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு, தண்ணீர் நேராக மெஷின் மேல் கொட்டியது. காலையில் பார்த்தால் ஒரு வட்டமும் இல்லை, ஒரு குறுக்கும் இல்லை. எல்லாம் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. பிறகு உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "அது ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா, எங்கிட்ட போட்டோ கீது, அனுப்பறேன், அதப் பாத்து நீயே சாக்பீஸால போட்டுடு, நீதான் அதுல எக்ஸ்பர்ட்டாச்சே." சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாய். என் வீட்டுக்காரர் செய்த வேலையில் என் கையாலேயே குறுக்குப் போடச் சொல்கிறோம் என்று உனக்குத் தோன்றவே இல்லை. உன் மேல் கோபம் வந்தது தினா. கொஞ்ச நேரம் நல்ல கோபம். அப்புறம், இவனுக்கு எப்படித் தெரியும், நாம் எப்போது சொன்னோம் என்று அடங்கிவிட்டேன்.

நேற்று எனக்கு வார லீவு. போனை ஒரு கையிலும் சாக்பீஸை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு போனேன். வட்டமெல்லாம் சுலபமாகப் போட்டுவிட்டேன். பெரிய சக்கரம், கைப்பிடி, ஃபேன் கூடு, மேல் வாய், நான்கு கால். குறுக்குக்கு வந்தபோது கை நகரவில்லை. டிரம்முக்கு முன்னால் நின்றேன். டேபிளில் ஒரு பீஸைப் பார்த்தால் இது நல்லதா கெட்டதா என்று கேட்டுக்கொள்வேன், அதே மாதிரி கேட்டேன். நல்லது. எத்தனை வருஷம் ஓடியும் ஒரு கம்பி வளையவில்லை. நல்ல பீஸில் எப்படிக் குறுக்குப் போடுவது? வட்டம் போட்டேன். போட்டுவிட்டு, ஐயோ, அவன் கேட்டது நல்லதா கெட்டதா என்று இல்லையே, பிறந்தபோது இருந்ததா இல்லையா என்றுதானே என்று அதன் மேலேயே குறுக்கும் போட்டேன். இப்போது டிரம்மில் வட்டத்துக்குள் ஒரு குறுக்கு இருக்கிறது. சல்லடையிலும் அப்படித்தான். லாரிக்காரன் வந்து பார்த்தால் தலையைச் சொறிவான். சொறியட்டும், எனக்கு மட்டும் என்ன தெரிகிறது?

அப்படியே போட்டோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் சிவப்பு இருந்த அந்தப் பின்னங்கால் வந்தது. மற்ற இடத்தில் எல்லாம் ஒற்றைக் குறுக்கு, இந்தக் காலில் ஒரு வெல்டிங் மேல் மட்டும் இரண்டு குறுக்கு, பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. உனக்கே மெசேஜ் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "மோசமான ரிப்பேர், உள்ளூர் ஆள், யாருன்னு தெரியல, முதல்ல இதத்தான் கிரைண்ட் பண்ணி எடுக்கணும்" என்று பதில் அனுப்பினாய். இரண்டு முறை படித்தேன். உள்ளூர் ஆள், யாரென்று தெரியவில்லையா? இந்த வீட்டில் வெல்டிங் பிடித்த உள்ளூர் ஆள் யார்? உங்க அப்பாவை யாரென்று தெரியவில்லை என்று எழுதிவிட்டாயே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதோடு விடவில்லை. உன் அப்பா போட்ட வெல்டிங்கை மோசம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நம் வீட்டு இரும்பு கேட்டைப் பார்த்திருக்கிறாயே, ஒரு ஓரத்தில் லேசாகப் புடைத்துக்கொண்டிருந்தது என்று வண்ணம் அடித்த கேட்டை மறுபடி அறுத்துப் போட்டவர் அவர். விருந்துக்கு வந்தவர்கள் வாசலில் நிற்க நிற்க அறுத்தார். அவரையா மோசம் என்றாய் என்று எனக்கு வந்ததே ஆத்திரம், சாக்பீஸைத் தூக்கி எறிந்துவிட்டு ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

ஏழுமலைச் சித்தப்பா உனக்குத் தெரியும், அப்பாவோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவர், பக்கத்து மெஷின். மத்தியானம் சைக்கிளில் வந்தார். குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். "அண்ணி, இது அண்ணன் போட்ட மாதிரி இல்லியே" என்றார். எப்படிச் சொல்கிறாய் என்றேன். "அண்ணனுக்கு எடது கை. அவரு போட்டா மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா ஒரு பக்கமா சாயும், எங்களுது இன்னொரு பக்கம் சாயும். இது எங்க பக்கம் சாயுது." அப்படியா, அப்ப வேறு யாரோதானா என்று நான் கேட்பதற்குள் அவரே, "ஆனா மெஷினப் பொரட்டிப் படுக்க வெச்சுப் போட்டிருந்தா மாறிப் போவும். நெச்சயமா சொல்ல முடியாது அண்ணி" என்று குழப்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, "கட்டி கட்டியா நிக்குது பாரு, அண்ணன் இப்டி போட மாட்டாரு" என்றார். அதற்கடுத்து, "ஒடம்பு முடியாதப்ப போட்டிருந்தா ஒருவேள" என்றார். எனக்கு வந்த எரிச்சலில், ஒரு டீ குடித்துவிட்டு ஒரே பதிலாகச் சொல்லு ஏழுமலை என்று உள்ளே போனேன்.

டீயோடு திரும்பி வந்தால் அவர் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். காலின் பின்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், வெல்டிங்கோடு சேர்ந்து உருக்கி ஒட்டுகிற ராடு கம்பியில் ஒரு துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அரை விரல் நீளம். "யாரோ புதுசா கத்துக்கினவன் அண்ணி. பயந்துகினே போயி வெச்சா ராடு இப்டித்தான் புடிச்சிக்கும், இஸ்தா வராது, ஒடச்சிட்டு ஓடிருக்கான். எனக்கும் மொத வருஷம் இப்டித்தான்." அப்புறம் டீயை வாங்கிக்கொண்டு யோசனையாகக் கேட்டார். "அது சரி, அண்ணன் ஏன் இத விட்டு வெச்சாரு? இந்த மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டா சோத்த விட்டுட்டுப் போயி கிரைண்டர எடுப்பாரே."

எனக்கு அப்போதுதான் உருளைக்கிழங்கு ஞாபகம் வந்தது.

நீ டிப்ளமோ இரண்டாம் வருஷம், பொங்கல் லீவுக்கு வந்திருந்தாய். நான் வேலை விட்டு வந்தபோது இருட்டு அறையில் சுருண்டு படுத்திருந்தாய். கண் இரண்டும் வீங்கி, திறக்க முடியாமல், மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துகிறது என்று அழுதாய். என்னடா செய்தாய் என்றால், சும்மா வெல்டிங் கத்துக்கினேன் என்றாய், என்ன வெல்டிங் என்று சொல்லவில்லை. நான் உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக அரிந்து உன் கண்ணில் வைத்து, மாற்றி மாற்றி வைத்து, உங்க அப்பா வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். வெல்டிங் மெஷினை வீட்டில் பூட்டாமல் போட்டுவிட்டுப் போனால் பிள்ளை கண்ணு போகாதா என்று கத்தினேன். அவர் பின்பக்கம் போனார், கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார், வந்தார், கைகால் கழுவினார், உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுநாளே கடலை மெஷின் ஓடியது, மூட்டையோடு ஆட்கள் நின்றார்கள். நீ என்ன செய்தாய் என்று நான் யோசிக்கவே இல்லை. உன் கண் சரியானதே போதும் என்று இருந்தேன். இப்போது கேட்கிறேன். அன்றைக்குக் கால் உடைந்ததா? மூட்டையை ஏற்றும்போது நீதான் சாய்த்துவிட்டாயா? அப்பா வருவதற்குள் ஒட்டிவிடலாம் என்று கண்ணாடிகூடப் போடாமல் உட்கார்ந்தாயா? மறுநாள் அவர் அதை அறுத்து எறிந்துவிட்டுச் சரியாகப் போட்டிருப்பார் என்று நீ நினைத்திருப்பாய், அதனால்தான் பார்த்தும் உனக்கே அடையாளம் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், நான் உள்பட. அவர் அறுக்கவில்லை தினா. கேட்டை அறுத்த மனுஷன், இதை அப்படியே விட்டுவிட்டார்.

இனிமேல்தான் அந்தச் சிவப்பு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் மெஷினுக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பார், மேலே குங்குமம். மோட்டாருக்கு ஒன்று, டிரம்முக்கு ஒன்று, பெரிய சக்கரத்துக்கு ஒன்று. கடைசியில் குனிந்து, கையை உள்ளே விட்டு, பின்னங்காலில் ஒன்று வைப்பார். நான் ஒரு தடவை கேட்டேன். "அங்க இன்னாய்யா கீது, எட்டாத எடத்துல போயி பொட்டு வெச்சிக்கினு கீற?" அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து, "அதான் வெயிட்டத் தாங்கிக்கினு கீது" என்றார். காலைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் சுண்டல் கிளறப் போய்விட்டேன். மற்ற இடத்துப் பொட்டை நான் அடுத்த வாரம் துடைத்துவிடுவேன். கைக்கு எட்டாத அந்த இடத்தை ஒருநாளும் துடைத்ததில்லை. வருஷா வருஷம் குங்குமத்தின் மேல் எண்ணெய், எண்ணெயின் மேல் சந்தனம், அதன் மேல் கிரீஸ் என்று ஏறி ஏறிக் கெட்டியாகப் போயிருக்கிறது. நிவேதா டப்பாவில் சுரண்டி எடுத்துப் போனது பெயின்ட் இல்லை கண்ணு. அவளைத் திட்டாதே, அது நான் அரைத்துக் கொடுத்த சந்தனமும் அவர் வைத்த குங்குமமும், எனக்கே தெரியாமல் ஊரெல்லாம் சிவப்பு மெஷின் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் தயவுசெய்து முழு மெஷினையும் அந்தச் சிவப்பில் அடித்துவிடாதே. அது எந்த நிறத்தில் கப்பலில் வந்ததோ எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது.

இவ்வளவு எழுதியும் என் குழப்பம் பாதிதான் தெளிந்திருக்கிறது. நீ செய்கிற வேலை தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டுக் கொட்டகையில் கிடந்தால் இன்னும் நாலு மழையில் அந்த நான்கு எழுத்தும் போய்விடும். பெரிய வீட்டுக் களத்தில் உங்க அப்பாவின் ஆட்கள்தான் அந்தக் கைப்பிடியைச் சுற்றியிருப்பார்கள், அந்த மெஷினும் ஒரு வகையில் நம்முடையதுதான் என்று நேற்று முதல் முறையாகத் தோன்றியது. அப்படியென்றால் நெல் தூற்றுகிற மெஷினைக் காப்பாற்றக் கடலை மெஷினைக் கொல்ல வேண்டும், கடலை மெஷினைக் காப்பாற்றினால் நெல் மெஷின் உள்ளேயே மறைந்துபோகும். எது பெரிது? எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவன், நீயும் யோசி. டிரம்மையும் சல்லடையையும் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கழற்று, காயலான் கடைக்கு மட்டும் போட்டுவிடாதே, வீட்டு உள்ளே கொண்டுவந்து வை. கோழி வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

கல்யாணத்துக்கு நான் உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று பார்வதி நச்சரிக்கிறாள். எனக்கு என்ன புத்தி இருக்கிறது சொல்ல? ஒன்றே ஒன்று. நாளைக்கு உங்கள் இரண்டு பேர் கையிலும் சாக்பீஸ் இருக்கும். அவள் சமைத்ததில், நீ பேசியதில், அவள் அம்மா செய்ததில், உன் அம்மா செய்ததில் எல்லாம் வட்டமும் குறுக்கும் போடத் தோன்றும். நானும் இருபத்தைந்து வருஷம் உங்க அப்பாவுக்கு வாயால் போட்டுக்கொண்டேதான் இருந்தேன். போடுங்கள், போடாமல் குடித்தனம் இல்லை. போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, இது யார் செய்தது, ஏன் இப்படி விட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போது நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவரும் உனக்குச் சொல்லவில்லை. உன்னைப் பாராட்ட அவருக்கு வாய் வராது, உனக்கும் தெரியும். நீ வேலை கிடைத்து புனேக்குக் கிளம்பிய அன்றுகூட, "பொட்டி பூட்டு சரியா கீதா பாரு" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. நீ அதற்காக ரயிலில் அழுதாய் என்று நிவேதா என்னிடம் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

லாரி திங்கட்கிழமை வருகிறது என்றாய். நீ ஞாயிற்றுக்கிழமையே வா. சென்ட்ரலில் இறங்கித் திருவள்ளூர் வண்டியைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம், முடிந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா, இந்த முறை கேசரியைச் சூடாகச் சாப்பிடட்டும். அந்த வெல்டிங்கை எடுத்தால் கால் நிற்காது என்று ஏழுமலை சொல்லிவிட்டுப் போனார், அதில் மட்டும் அவர் ஒரே பதில்தான் சொன்னார். மற்ற எல்லா இடத்திலும் நீ அனுப்பிய போட்டோப்படி என்னால் முடிந்த அளவு குறி போட்டுவிட்டேன். பின்னங்காலில், அந்த வெல்டிங் மேல் மட்டும் நான் எதுவும் போடவில்லை. சாக்பீஸ் மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது. நீ குனிந்து, கையை உள்ளே விட்டு, அந்த ராடு துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வட்டமோ குறுக்கோ நீயே போடு.

அம்மா